வீட்டிலேயே அலுமினியம் பாலிஷ்: மூன்று வருடம் கழித்து எப்படி இருக்கிறது?

மூன்று வருடத்துக்கு முன்னால் என் பழைய காரின் இஞ்சின் மேல் மூடியான வால்வு கவரைக் கழற்றி, வீட்டில் வைத்தே முகம் தெரியும் அளவுக்கு பாலிஷ் போட்டேன். அப்புறம் இஞ்சினுக்குக் காற்று கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டு, கடைசியாக நான்கு அலாய் வீல். வேலை முடித்த அன்றைக்கு எடுத்த படத்தில் எதுவும் அழகாகத்தான் தெரியும். எது நின்றது, எது மங்கியது என்பது பிறகுதான் தெரிகிறது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வேலை முழுக்க, தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாளான வாட்டர் பேப்பரில் இருக்கிறது. வால்வு கவருக்கு 14 மணி நேரம் ஆனது, அதில் மெஷினில் சுழலும் துணிச் சக்கரமான பஃபிங் வீலைத் தொட்டது கடைசி 2 மணி நேரம் மட்டுமே. வார்ப்பு அலுமினியம் என்பதால் மேற்பரப்பு சொரசொரவென்று இருந்தது. பேப்பரின் நம்பர் ஏற ஏற அதன் சொரசொரப்பு குறையும். 180-ல் ஆரம்பித்து 320, 400, 600, 800, 1000, 1500, 2000 என்று ஒரு நம்பரையும் விடாமல் ஏறினேன். 400-லிருந்து சோப்புத் தண்ணீர் தொட்டுத்தான் தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் அலுமினியத் தூள் பேப்பரில் அடைத்துக்கொண்டு கட்டியாகி, அந்தக் கட்டியே புதிதாகக் கோடு போட்டுவிடும்.

இன்னொன்று, ஒவ்வொரு நம்பருக்கும் தேய்க்கும் திசையை மாற்றுங்கள். 400-ஐ நீளவாக்கில் தேய்த்தால் 600-ஐக் குறுக்குவாக்கில். நீளவாக்குக் கோடு ஒன்றுகூட மிச்சமில்லை என்று ஆன பிறகே அடுத்த பேப்பரை எடுக்க வேண்டும். நான் முதல் தடவை அவசரப்பட்டு மேலே போய்விட்டேன். பாலிஷ் முடிந்து வெயிலில் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தால், ஆயில் மூடிக்குப் பக்கத்தில் 320-இன் கோடுகள் அந்தப் பளபளப்புக்குள்ளேயே மயிரிழை மயிரிழையாகத் தெரிந்தன. பாலிஷ் கோட்டை அழிக்காது, அதையும் சேர்த்துத்தான் மினுக்கிக் காட்டும். மறுபடி 400-லிருந்து தொடங்கினேன்.

பஃபிங்குக்கு முதலில் தையல் போட்ட பருத்தி வீலில் பிரவுன் சோப்பு (குளிக்கிற சோப்பு இல்லை, பாலிஷ் போடும் மெழுகுக் கட்டி), பிறகு தையலில்லாத மெத்தென்ற வீலில் வெள்ளை சோப்பு. ஒரு சோப்புக்கு ஒரு வீல், மாற்றித் தொடக்கூடாது. வீல் பட்டதும் கறுப்பாக மை மாதிரி ஒன்று வழியும். பயப்பட வேண்டாம், தேய்ந்து வரும் அலுமினியமும் சோப்பின் மெழுகும் கலந்ததுதான் அது. கடைசியில் கொஞ்சம் சோள மாவைத் தூவி மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தால் மிச்சப் பிசுக்கும் வந்துவிடும். அடியில் தெரிவதைப் பார்க்கும் அந்த நிமிடத்துக்காகவே 14 மணி நேரம் உட்காரலாம்.

மாஸ்க், கண்ணாடி கட்டாயம். பொருளின் விளிம்பு வீலுக்கு எதிராக நிற்கும்படி பிடித்தால் கையிலிருந்து பிடுங்கி வீசிவிடும். இரும்பு தேய்த்த மெஷினிலேயே அலுமினியத்தையும் தேய்க்காதீர்கள், பொறி பட்டால் அலுமினியத் தூள் தீப்பிடிக்கும். இடைவெளியை அடைக்கும் கேஸ்கெட் உட்காரும் முகத்தை டேப் ஒட்டி மூடிவிடுங்கள், அதைத் தேய்த்தால் ஆயில் கசியும்.

சரி, மூன்று வருடக் கணக்குக்கு வருவோம்.

வால்வு கவர் அப்படியே இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மெட்டல் பாலிஷ் தொட்டுப் பத்து நிமிடம் துடைக்கிறேன், அவ்வளவுதான். இஞ்சின் சூடு அதை ஒன்றும் செய்யவில்லை. மேனிஃபோல்டில் விரல் நுழையாத இடுக்குகள் மட்டும் சாம்பல் பூத்துவிட்டன.

அலாய் வீல்கள்தான் படுத்தி எடுத்தன. கம்பெனியில் அடித்த நிறமில்லாத பூச்சான கிளியர் கோட்டை பெயின்ட் ரிமூவர் போட்டு எடுத்த பிறகுதான் உலோகத்தையே தொட முடியும். ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று இரண்டு வீலுக்கு லாக்கர் (கண்ணாடி மாதிரி வார்னிஷ்) அடித்தேன், இரண்டுக்கு வெறும் வேக்ஸ். எட்டாவது மாதம், கல் பட்டு லாக்கர் சிதறிய இடத்தில் ஈரம் உள்ளே போய், அடியில் வெள்ளைப் புழு ஊர்ந்த மாதிரி கோடு கோடாக அரிக்க ஆரம்பித்தது. மேலே லாக்கர் இருப்பதால் துடைக்கவும் வழியில்லை. முழுவதும் உரித்து மறுபடி 600-லிருந்து. வேக்ஸ் போட்ட இரண்டும் மூன்று வாரத்துக்கு ஒரு முறை கழுவி வேக்ஸ் போடுவதால் இன்றும் நன்றாக இருக்கின்றன. மழைக்காலத்தில் ஒரு முறை தள்ளிப்போட்டாலும் பிரேக் தூசியோடு சேர்ந்து மங்கிவிடும்.

ஒரு முறை வெளியே கழுவக் கொடுத்தேன். அவர்கள் அடித்த காரமான கிளீனர், வீல் முழுக்க வழிந்த தடத்தோடு வெள்ளையாகப் படிந்துவிட்டது. அலுமினியத்தின் மேல் தானாகவே உண்டாகும் மெல்லிய ஆக்சைடு தோல்தான் அதற்குக் காவல், பிஹெச் (அமில, காரத் தன்மையின் அளவு) ஏறக்குறைய 4-க்கும் 8.5-க்கும் வெளியே போனால் அது கரைந்துவிடும். 1000-லிருந்து திரும்பச் செய்ய வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து வீலை நானே கழுவுகிறேன், நடுநிலையான ஷாம்பூ மட்டும்.

யாராவது கேட்டால், பானட்டுக்குள் இருப்பதைத் தாராளமாகச் செய்யுங்கள் என்பேன். வீல் என்றால், மாதாமாதம் அதன் முன்னால் குத்தவைத்து உட்கார மனசிருந்தால் மட்டும். நான் அடுத்ததாக, இஞ்சினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியின் வெளிப்புறத்தை எடுத்திருக்கிறேன். 600-ல் நிற்கிறது, நீளவாக்குக் கோடு இரண்டு இன்னும் போகவில்லை.