ராமேஸ்வரம் போகிறவர்கள் கவனத்துக்கு: “எல்லாம் அடக்கம்” என்றால் உடனே பணம் அனுப்பாதீர்கள்

டிசம்பர் லீவுக்கும் தை அமாவாசைக்கும் சிங்கப்பூரிலிருந்து ராமேஸ்வரம் கிளம்பும் குடும்பங்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். பெற்றோருக்குத் திதி கொடுக்கப் போன நான்கு பேருக்கு நடந்தது இது.

வாட்ஸ்அப் விளம்பரத்தில் அக்னி தீர்த்தம், தர்ப்பணம், 22 தீர்த்தம், தரிசனம் எல்லாம் அடக்கம், ஆளுக்கு 180 வெள்ளி என்று இருந்தது. பேநவ்வில் (செல்போன் எண்ணுக்கே பணம் அனுப்பும் வசதி) ஒரு தனிநபர் எண்ணுக்குப் பணம் போனது. ரசீது கிடையாது. ராமேஸ்வரத்தில் காத்திருந்தவரோ, “அது வண்டிக்கும் ரூமுக்கும்தாங்க, மத்ததெல்லாம் தனி” என்றார்.

பெரிய அடி அக்னி தீர்த்தக் கடற்கரையில். சங்கல்பம் சொல்லும்போது மந்திரத்தின் நடுவே, “கோதானத்துக்கு (பசு தானம்) ஐயாயிரம் தருகிறேன், சொல்லுங்கோ” என்று புரோகிதர்கள் சொல்லவைத்தார்கள். கையில் எள்ளும் தர்ப்பையும், வாயில் அப்பா பெயர். அந்த நேரத்தில் யார் பேரம் பேசுவார்? வாய்விட்டுச் சொன்னதைக் கொடுக்காவிட்டால் பிதுர் தோஷம் என்று பயமுறுத்தி முழுத் தொகையையும் வாங்கிவிட்டார்கள். துக்கத்தோடு வந்தவர்களிடம் இப்படிச் செய்வது மகா பாவம்.

தர்ப்பணத்துக்கு உட்காரும் முன்பே தட்சிணை எவ்வளவு, எள், அரிசி, பிண்டம், தானம் எல்லாம் அதில் சேர்த்தியா என்று கேட்டு முடிவு செய்யுங்கள். கோத்திரம், மூன்று தலைமுறைப் பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். நடுவில் தொகை சொல்லச் சொன்னால், “யதாசக்தி” (என்னால் முடிந்த அளவு) என்று மட்டும் சொன்னால் போதும்.

அடுத்தது 22 தீர்த்தம், அதாவது கோயிலில் இருக்கும் 22 தீர்த்தக் கிணறுகளில் நீராடுவது. கோயில் கவுண்டரில் இதற்கு ஆளுக்கு 25 ரூபாய்தான் டிக்கெட். நம் காசில் அரை வெள்ளிகூட ஆகாது. பலகையில் கட்டணத்தைப் பார்த்து, நீங்களே வரிசையில் நின்று வாங்குங்கள். தனியாக ஒருவர் வாளியோடு கூடவே வந்து, கிணற்றுக்குக் கிணறு ஏறி, தலை நனைய ஊற்றுவார். கூடுதல் காசு கேட்பது அதற்குத்தான். வயதானவர்கள் இருந்தால் அது வசதிதான், ஆனால் தொகையைப் பேசிக்கொண்டு, கடைசிக் கிணறு முடிந்தபிறகு கொடுங்கள். அந்த நான்கு பேரும் ஆளுக்கு 600 ரூபாய் முன்பணம் கொடுத்தார்கள். பாதிக் கிணறு தாண்டியதும், “கூட்டம்” என்று சொல்லி நேரே கோடி தீர்த்தத்துக்குக் கூட்டிப்போய் முடித்துவிட்டார். மகாலட்சுமி தீர்த்தத்தில் தொடங்கிக் கோடி தீர்த்தத்தில் முடிய வேண்டும். ஒவ்வொரு கிணற்றிலும் பெயர்ப்பலகை உண்டு, எண்ணிக்கொண்டே போங்கள்.

செல்போனை உள்ளே விடமாட்டார்கள். பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்று முதலிலேயே பேசிவையுங்கள். ஈரத்துணியோடு சந்நிதிக்குள் போக முடியாது, மாற்றுத்துணி கட்டாயம். கல்தளம் ஈரத்தில் வழுக்கும், பெரியவர்கள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். சில்லறையாக நூறு ரூபாய்த் தாள்கள் வைத்திருங்கள். ஐந்நூறை நீட்டினால் மீதி திரும்பி வருவது கஷ்டம்.

பயண ஏற்பாடு விற்பவருக்குச் சிங்கப்பூரில் பயணத்துறைக் கழகத்தின் உரிமம் இருக்க வேண்டும். உரிம எண்ணைக் கேளுங்கள். தர மறுத்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள், விற்றவர் இங்கே இருந்தால், சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் 2 ஆண்டுக்குள் 20,000 வெள்ளி வரை கோரலாம். பேநவ் பதிவையும் அந்த விளம்பரத்தையும் இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், கேள்வி கேட்டதும் முதலில் அழிவது அந்த மெசேஜ்தான்.