கிங்டம் கம்: டெலிவரன்ஸ் – கரண்ட் போகும் ஊருக்குச் சரிவருமா?

2018இல் வந்த இந்த வாள்சண்டை கம்ப்யூட்டர் கேமில் நினைத்த இடத்தில் சேவ் பண்ண முடியாது. ‘சேவியர் ஷ்னாப்ஸ்’ போத்தல் ஒன்றைக் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் சொந்தக் கட்டிலிலோ வாடகைக்கு எடுத்த கட்டிலிலோ தூங்க வேண்டும். குவெஸ்டின் (கேம் தரும் பணியின்) முக்கியக் கட்டங்களில் மட்டும் தானாக சேவ் ஆகும். அதனால்தான் காட்டில் மூன்று கொள்ளையரைக் கண்டதும் கை வாளுக்குப் போகாமல் குதிரையைத் திருப்புகிறது. அருமையான பயம்!

ஆனால் தென்மேல் பருவமழைக்கு ஹட்டன், நோர்வூட் பக்கம் கரண்ட் போனால் ஒரு மணித்தியால விளையாட்டும் போச்சு. அது சவால் இல்லை, வெறும் எரிச்சல். டெஸ்க்டொப் என்றால் யூபிஎஸ் கட்டாயம். அது கத்தத் தொடங்கியதும் மெனுவில் ‘சேவ் அண்ட் குவிட்’டை அழுத்துங்கள், பிறகு வந்த அப்டேட்டில் சேர்த்தது. ஷ்னாப்ஸை நாமே காய்ச்சலாம்: வைனில் சுணைக்கும் நெட்டில் இலையைக் கொதிக்கவிட்டு, அரைத்த பெல்லடோனா என்ற மூலிகையைச் சேர்க்க வேண்டும். மணற்கடிகாரத்தைத் திருப்ப மறந்து கொதிக்கும் நேரம் தவறினால் கலவை கெட்டுவிடும். அடுத்தடுத்துக் குடித்தால் நாம் ஆடும் நாயகன் ஹென்றிக்கு வெறி ஏறும்.

கன்ட்ரோலரில் இரண்டு ஸ்டிக்கையும் ஒன்றாகத் திருப்பிப் பூட்டுத் திறப்பது கொடுமை. செட்டிங்ஸில் எளிய முறையைப் போடுங்கள், வெட்கம் வேண்டாம்.

ஹார்ட்கோர் என்ற கடினமான மோடில் மெப்பில் நீங்கள் நிற்கும் இடம் தெரியாது, மெப்பில் இடத்தைத் தொட்டுச் சட்டென்று போகும் ஃபாஸ்ட் டிராவலும் இல்லை. மூடுபனியில் தேயிலை மலைக் குறுக்குப்பாதையில் இறங்குவது மாதிரி, ஆற்றையும் தேவாலயக் கோபுரத்தையும் பார்த்துத்தான் வழி பிடிக்க வேண்டும். முதல் தடவைக்கு சாதாரண மோடே சரி.