பறித்த அத்தியா, உலர்ந்த அத்தியா?

தங்கைக்கு ஹீமோகுளோபின் குறைந்திருக்கிறது என்று தெரிந்த வாரத்தில், வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே யோசனையைத்தான் சொன்னார்கள்: "இரவில் இரண்டு அத்திப்பழத்தை ஊறவைத்துக் காலையில் கொடுங்கள், ரத்தம் ஊறும்." நாட்டு மருந்துக் கடையில் கால் கிலோ உலர் அத்தி வாங்கினேன். கயிற்றில் கோத்து மாலையாகத் தொங்குமே, அந்த ஆப்கானிஸ்தான் பழம். வழியில் பழக்கடையில் புனே பக்கத்திலிருந்து வந்த புதுப் பழங்களும் கண்ணில் பட்டன. அதிலும் ஒரு பெட்டி எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் சமையலறைத் தராசில் இரண்டையும் நிறுத்தேன். உலர் பழம் இரண்டு சேர்ந்து ஏறக்குறைய 40 கிராம். புதுப் பழம் இரண்டு 100 கிராமைத் தொட்டன. இந்த எடையை மறந்துவிட்டு ஒப்பிடுவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது. பொதுவாகக் கிடைக்கும் பட்டியல்கள் 100 கிராமுக்கு 100 கிராம் என்று ஒப்பிடுகின்றன. புதுப் பழத்தில் 74 கலோரி, உலர்ந்ததில் 249. நார்ச்சத்து 2.9 கிராம், 9.8 கிராம். சுண்ணாம்புச்சத்து 35 மில்லிகிராம், 162 மில்லிகிராம். பார்த்ததும் உலர் பழம் எங்கோ உயரத்தில் இருப்பதாகத் தோன்றும்.

ஆனால் 100 கிராம் புதுப் பழத்தில் 79 கிராம் தண்ணீர். வெயிலில் காயவைத்தால் அது சுமார் 30 கிராம் உலர் பழமாகச் சுண்டும். அந்த 30 கிராமில் எத்தனை கலோரி? 75. நார்ச்சத்து? 2.9 கிராம். அதாவது, புதுப் பழத்தில் இருந்த அதே அளவு. உலர்த்துவதால் எந்தச் சத்தும் புதிதாக முளைப்பதில்லை. தண்ணீர் போகிறது, மற்றவை நெருங்கி உட்காருகின்றன. போகிற பொருளும் உண்டு. கருஞ்சிவப்புத் தோலுக்கு நிறம் தரும் ஆந்தோசயனின் என்ற நிறமி உலர்த்தும்போது பெருமளவு சிதைகிறது. தோலோடு தின்னும் புதுப் பழத்துக்கு இதில் தெளிவான மேன்மை.

இனி ரத்தத்துக்கு வருவோம். 100 கிராம் உலர் அத்தியில் இரும்புச்சத்து 2 மில்லிகிராம். ஊறவைத்த இரண்டு பழத்தில் 0.8 மில்லிகிராம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2020-இல் வயதுவந்த பெண்களுக்குப் பரிந்துரைத்த அன்றாட அளவு 29 மில்லிகிராம். கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கு மனம் கனத்தது. எத்தனை வீடுகளில், மருத்துவர் எழுதிக் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை ஒதுக்கிவிட்டு இந்தப் பழத்தை மட்டும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்! புதுப் பழத்தில் இன்னும் குறைவு, இரண்டுக்கும் சேர்த்து 0.4 மில்லிகிராம்கூட இல்லை. தாவர இரும்பை உடல் உறிஞ்ச வைட்டமின் சி உதவும். அது இரண்டு வகையிலும் பெயருக்குத்தான் இருக்கிறது. அத்தியோடு ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ சேர்த்துக் கொடுங்கள். தேநீரை மட்டும் அந்த நேரத்தில் தள்ளிவையுங்கள், அது உறிஞ்சுதலைத் தடுக்கும்.

மலச்சிக்கலுக்கு அத்தி என்ற பேச்சு மட்டும் வெறும் பேச்சல்ல. இரண்டு உலர் பழத்தில் ஏறக்குறைய 4 கிராம் நார்ச்சத்து கிடைக்கிறது. ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் வேண்டும் என்ற கணக்கில் இது நல்ல பங்கு. ஊறிய பழத்தைப் பிட்டுப் பாருங்கள்: பொன்னிறக் கூழ், அதில் நெருக்கமாகக் கடுகைவிடச் சின்ன விதைகள். குடலுக்கு உதவுவது இந்தக் கூழும் விதையும்தான். வயதானவர்களுக்கு மென்று தின்ன எளிது, ஆண்டு முழுதும் கிடைக்கிறது. இந்தத் தேவைக்கு நான் தயங்காமல் உலர் அத்தியைத்தான் சொல்வேன்.

சர்க்கரை விஷயத்தில் கதை வேறு. இரண்டு புதுப் பழத்தில் 16 கிராம், இரண்டு உலர் பழத்தில் 19 கிராம். பெரிய வித்தியாசம் இல்லையே என்று தோன்றலாம். ஆனால் இரண்டு புதுப் பழம் தின்றால் தண்ணீரும் சேர்ந்து வயிறு ஓரளவு நிறைந்துவிடும். உலர் பழமோ பேச்சுவாக்கில் ஐந்து உள்ளே போய்விடும். 48 கிராம் சர்க்கரை, அதாவது பத்துத் தேக்கரண்டி. ஊறவைத்தால் சர்க்கரை குறையும் என்று நினைப்பவர்கள் உண்டு. கொஞ்சம் தண்ணீரில் கரையும், அந்தத் தண்ணீரையும்தான் குடித்துவிடுகிறோமே. நீரிழிவு உள்ளவர்களுக்கு ஒரு புதுப் பழமே பொருத்தம். சிறுநீரகக் கோளாறால் பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்தச் சொல்லப்பட்டவர்கள், 100 கிராமில் 680 மில்லிகிராம் வைத்திருக்கும் உலர் பழத்தை மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

புதுப் பழத்தின் சிக்கல் அதன் ஆயுள். மாம்பழம்போல வாங்கி வந்து பழுக்கவைக்க முடியாது. பறித்த பிறகு அத்தி இனிப்பு ஏறாது. காயாக இருந்தால் காம்பிலிருந்து வரும் பால் உதட்டை அரிக்கும், ரப்பர் பால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆபத்தாகவும் முடியலாம். தொட்டால் மெத்தென்று அமுங்கும் பழமாகப் பார்த்து வாங்கி, குளிர்பதனப் பெட்டியில் வைத்து, இரண்டு மூன்று நாளில் தின்றுவிட வேண்டும். புவிசார் குறியீடு பெற்ற புரந்தர் அத்தி புனே மாவட்டத்தில்தான் விளைகிறது. அங்கிருந்து நம் ஊருக்கு வருவதற்குள்ளேயே பாதி ஆயுள் கழிந்துவிடுகிறது. நமக்கு அது அத்தி பூத்தாற்போலக் கிடைக்கும் பழம்தான். "அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு" என்ற பழமொழியைச் சொல்லி இதை ஒதுக்குபவர்களுக்கு ஒரு வார்த்தை: அது ஆற்றோரத்து நாட்டு அத்தியைப் பார்த்துச் சொன்னது. புனே அத்தி, குளவி உள்ளே புகுந்து மகரந்தம் சேர்க்காமலே காய்க்கிற ரகம்.

உலர் பழத்தில் பயப்பட வேண்டியது பூஞ்சை. மேலே வெண்மையாகப் படிந்திருப்பது பெரும்பாலும் பழத்தின் சர்க்கரையே, வெந்நீரில் கரைந்துவிடும். பஞ்சுபோல ஒட்டியிருந்தாலோ, உள்ளே கறுத்துப் பூசண வாடை வந்தாலோ தூக்கி எறியுங்கள். சில பூஞ்சைகள் உண்டாக்கும் அஃப்லாடாக்சின் நச்சு கழுவினாலும் போகாது. அதனால் ஒவ்வொரு பழத்தையும் பிட்டுப் பார்த்த பிறகே ஊறவைக்கிறேன்.

தங்கை இப்போது மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறாள். காலையில் ஊறிய அத்தி ஒன்று, கூடவே பாதி நெல்லிக்காய். புதுப் பழம் கடைக்கு வரும் நாளில் மட்டும் ஊறவைக்கும் கிண்ணத்துக்கு விடுமுறை.