கிளினிக் கொப்பியா, மருந்து ஆய்வா?

அம்மாவுக்குச் சீனி வருத்தம். யாழ்ப்பாணத்தில் அரச கிளினிக்கில்தான் காட்டுகிறோம். சிகிச்சை விவரம் எழுதும் கிளினிக் கொப்பியோடு விடிய எழும்பிப் போய் வரிசையில் இருக்க வேண்டும். ஆனால் வைத்தியரும் குளிசையும் இலவசம், அதுவும் ஆயுளுக்கும். 2022இல் நாடு முழுக்க மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது பலர் வெளிப் பாமசிகளில் காசு கொடுத்து வாங்கினார்கள். அது பெரிய வலி.

மருந்து ஆய்வில், அதாவது புது மருந்தை ஆட்களிடம் கொடுத்துச் சோதிக்கும் ஆய்வில், சேர்வது வேறு. புது மருந்து கிடைக்கலாம், ஒப்பிடுவதற்கான, மருந்தே இல்லாத வெற்றுக் குளிசையும் கிடைக்கலாம். கண்காணிப்பு இருக்கிறது: 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி, தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் அனுமதி வேண்டும். நெறிமுறைக் குழுவும் ஆய்வுத் திட்டத்தைப் பார்க்கும், யாழ். பல்கலைக்கழக மருத்துவ பீடத்திலும் அப்படியொரு குழு உண்டு. விரும்பினால் இடையில் விலகலாம், அதற்காக வழமையான சிகிச்சையை யாரும் மறுக்கக் கூடாது.

எனக்குக் கிளினிக்தான் அடித்தளம். அங்குள்ள மருந்து சரிவராவிட்டால் மட்டும் ஆய்வை யோசிப்பேன். சரி, ஆய்வில் சேரக் கையெழுத்து வைக்க முதல் சம்மதப் படிவத்தைத் தமிழில் கேளுங்கள். பக்கவிளைவு வந்தால் செலவு யாருடையது? ஆய்வு முடிந்த அடுத்த மாதம் அந்தக் குளிசையை யார் தருவார்கள்? இரண்டுக்கும் பதில் எழுத்தில் இருக்க வேண்டும்.