பாய்மரப் படகுப் பயிற்சி: புதுச்சேரிக் கடலில் சில காலைகள்

புதுச்சேரிக்கு வருவோரில் பெரும்பாலோர் கடற்கரைச் சாலையில் அமர்ந்து கடலைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். மீன்பிடித் துறைமுகம் உள்ள தேங்காய்த்திட்டுப் பக்கமிருந்து தொடக்கநிலையினருக்கு நடத்தப்படும் இந்தப் பாய்மரப் படகுப் பயிற்சியோ, கடலில் இருந்தபடி ஊரைப் பார்க்கக் கற்றுத்தருகிறது.

விடியற்காலையில் கரையிலிருந்து மெல்லிய காற்று வீசும்போது பாடம் தொடங்குகிறது. சுக்கானைத் திருப்பும் கைப்பிடியான சுக்கான் கட்டையை இடப்பக்கம் தள்ளினால், அணியம், அதாவது படகின் முன்பக்கம், வலப்பக்கம் திரும்பும் என்பதைச் சொல்லிக் கேட்பது எளிது. கை அதை ஏற்றுக்கொள்ளத்தான் நேரமாகிறது. காற்று வரும் திசையை நோக்கி நேராக எந்தப் பாய்மரப் படகும் செல்லாது என்பதால், ஏறத்தாழ 45 பாகை விலகி, மாறி மாறித் திரும்பி முன்னேறும் முறையை அவசரப்படுத்தாமல் பழக்குகிறார்கள்.

ஆனால் இந்தப் பயிற்சியில் எனக்கு மிகவும் பிடித்தது, ஒவ்வொருவரும் எழுத வேண்டிய பதிவேடு. 1836-இல் முதன்முதலாக ஒளியேற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கம், அதற்குத் தெற்கே உள்ள புதிய விளக்கம் ஆகிய இரண்டையும் திசைகாட்டி வழியே நோக்கிக் கோணம் குறித்து, வரைபடத்தில் அவ்விரு கோடுகளும் வெட்டும் புள்ளியைப் படகின் இடமாகக் காட்ட வேண்டும். "கடல் அமைதியாக இருந்தது" என்று எழுதினால் பயிற்றுநர் ஒப்புக்கொள்வதில்லை. காற்று எங்கிருந்து, அலை எவ்வளவு உயரம், நீரோட்டம் எந்தப் பக்கம் என்று கேட்கிறார். பயணக் குறிப்பு எழுதும் பழக்கமுள்ளவர்கள் இதற்காகவே கட்டணம் செலுத்தலாம். வருணனையின் மேல் சாய்ந்துகொள்ளும் சோம்பல் அங்கே செல்லுபடியாவதில்லை.

குறைகளும் உண்டு. பாடநூல் எந்த நாட்டுக் கடலுக்கும் பொருந்தக்கூடியது. முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து அலை திடீரென உடைவதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அதைச் சொல்லித்தந்தவர் பாதுகாப்புப் படகை ஓட்டிவந்த உள்ளூர் மீனவர்தான். நீரின் நிறம் எங்கே வெளுத்திருக்கிறது என்று காட்டி, அந்த இடத்தைச் சுற்றிப் போகச் சொன்னார். பிறகு கிழக்கே ஒருமுறை பார்த்துவிட்டு, "கொண்டல் ஏறுது தம்பி, பாயைக் கொஞ்சம் தளர்த்திக்கோ" என்றார். கொண்டல் என்பது கிழக்கிலிருந்து வீசும் காற்று. சற்று நேரத்தில் அது வலுத்தது. அவரையும் ஆசிரியராகவே அமர்த்தி, அதற்குரிய ஊதியமும் தரலாம் என்பது என் கருத்து.

உடை மாற்ற முறையான அறை இல்லை. உயிர்காப்பு உடைகள் முந்தைய குழுவின் ஈரத்தோடே கிடைத்தன. சிறிய அளவு போதிய எண்ணிக்கையில் இல்லாததால், ஒல்லியான பெண் ஒருவர் வார்களை இறுக்கி முடிச்சிட்டுக்கொள்ள நேர்ந்தது. பாதுகாப்பில் இத்தகைய அலட்சியத்தை மன்னிக்க இயலாது. காற்று மிகுந்தால் வகுப்பு வேறு நாளுக்குத் தள்ளிவைக்கப்படுகிறதே தவிரப் பணம் திரும்பக் கிடைக்காது. கடலூரிலிருந்து வருவோர் சமாளிக்கலாம், சென்னையிலிருந்து வருவோருக்கு நட்டம்.

படம் எடுத்துக்கொள்ள மட்டும் விரும்புவோருக்குச் சுண்ணாம்பாற்றுப் படகுச் சவாரியே போதும். கற்க வருவோர் வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களைத் தவிர்த்து, பிப்ரவரி, மார்ச் மாதங்களைத் தேர்ந்தெடுப்பது நல்லது. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை இருப்பதால், அப்போது துறைமுக வாயிலில் நெரிசல் குறைவு, வெயில்தான் கடுமை. கயிறு உள்ளங்கையை அறுக்கும், கையுறையை நீங்களே கொண்டுசெல்லுங்கள், அங்கே தருவதில்லை.