மார்பு குறைப்பு சர்ஜரி: குழந்தைக்கு முன்னாடியா, பின்னாடியா?

முன்னாடியே பண்ணிட்டா கழுத்து வலி, முதுகு வலி, ப்ரா பட்டி அழுந்தி தோள்ல விழுற பள்ளம் எல்லாம் இப்பவே குறையும், ஆனா சிக்கல் தாய்ப்பால்ல தான். காம்பை அடியில இருக்கிற திசுவோட ஒட்டியே வச்சு நகர்த்தினா பால் குழாயும் நரம்பும் ஓரளவு தப்பிக்கும், தனியா வெட்டி எடுத்து ஒட்டினா பால் கொடுக்கிறது ரொம்ப கஷ்டம், அதனால எந்த முறைன்னு சர்ஜன்கிட்ட கேட்டுடுங்க (கூச்சமே வேண்டாம்). கர்ப்பத்துல சைஸ் வேற மறுபடி மாறலாம்.

பின்னாடின்னா அந்தக் கவலை இல்ல, ஆனா பால் நிறுத்தி சில மாசம் காத்திருக்கணும், ஆபரேஷனுக்கு அப்புறம் சில வாரம் குழந்தையைத் தூக்க முடியாது, அதான் இம்சை.

என்னைக் கேட்டா, வலி தாங்கலன்னா முன்னாடியே பண்ணிக்கலாம், அழகுக்கு மட்டும்னா பொறுங்க.