பள்ளிக்கூடம் தேட அரசின் ஒப்பீட்டுத் தளம்: பாவித்துப் பார்த்த அனுபவம்

மகள் இப்போது இயர் சிக்ஸ், ஆரம்பப் பள்ளியின் கடைசி வருடம். ஒக்டோபர் 31க்குள் பெரிய பள்ளிக்கூடத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். லண்டனில் ஆறு பள்ளிகள் வரை எழுதலாம். இந்த முறை ஆரிடமும் விசாரிக்க முதல், இங்கிலாந்துக் கல்வித் திணைக்களத்தின் ‘கம்பேர் ஸ்கூல் பெர்ஃபோமன்ஸ்’ தளத்தோடு இரண்டு கிழமை இருந்தேன். இலவசம், கணக்கொன்றும் திறக்கத் தேவையில்லை. ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் இருப்பவர்களுக்கு இது உதவாது. அங்கே கல்வி நிர்வாகமே வேறு.

மகனுக்கு 2018இல் பள்ளி தேடியபோது நாங்கள் பார்த்தது ஒரே ஒரு சொல்லை: பள்ளிகளைப் பரிசோதிக்கும் அரச அமைப்பான ஒஃப்ஸ்டெட் கொடுத்த ‘அவுட்ஸ்டாண்டிங்’. கோயிலிலும் பிறந்தநாள் வீடுகளிலும் எல்லோர் வாயிலும் அந்தச் சொல்தான். அறிக்கையின் திகதி 2010 என்பதை அவன் சேர்ந்த பிறகுதான் கவனித்தேன். 2012 முதல் 2020 வரை அந்த உச்சத் தரம் வாங்கிய பள்ளிகளுக்கு வழமையான பரிசோதனையே கிடையாது. இடையில் அதிபர் மாறிவிட்டார், கணித ஆசிரியர்கள் போய்விட்டார்கள். மகன் ஒரே வருடத்தில் நான்கு தற்காலிக ஆசிரியர்களிடம் கணிதம் படித்தான். ஒவ்வொருவரும் பின்னத்தை முதலிலிருந்து தொடங்கினார்கள். 2024 செப்டெம்பரில் அரச பள்ளிகளுக்கு அந்த ஒற்றைச் சொல் தீர்ப்பை நிறுத்திவிட்டார்கள். சரியான முடிவு. எங்களுக்குத்தான் பிந்திக் கிடைத்தது.

தளத்துக்கு வருவோம். தபால் குறியீட்டைப் போட்டால் சுற்றியுள்ள பள்ளிகள் தூரத்தோடு வரும். வேண்டியதைத் தெரிவு செய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கைபேசியில் அட்டவணை அடங்காது, மடிக்கணினி நல்லது.

முதலில் கண்ணில் படுவது ‘அட்டெயின்மென்ட் 8’. பதினாறு வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ பொதுப் பரீட்சையில் எட்டுப் பாடங்களின் பெறுபேற்றைக் கூட்டுகிறார்கள். கணிதமும் ஆங்கிலமும் இரட்டிப்பாக எண்ணப்படுவதால் உச்சம் 90. ஆனால் கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பொறுக்கி எடுக்கும் கிராமர் பள்ளிக்கு இந்த எண் இயல்பாகவே உயரும். பள்ளி என்ன செய்தது என்று அறிய ‘புரோகிரஸ் 8’ வேண்டும். ஆரம்பப் பள்ளி முடிவில் ஒரே மட்டத்தில் இருந்த பிள்ளைகளோடு ஒப்பிட்டு, இந்தப் பள்ளியில் எவ்வளவு முன்னேறினார்கள் என்று அது சொல்கிறது. நாடு முழுவதற்கும் சராசரி பூச்சியம்.

இதில் ஒரு விஷயத்தை நின்று பாருங்கள். நான் பார்த்த ஒரு பள்ளிக்கு 0.12, அடுத்ததற்கு 0.03. முதலாவது மேல் என்று மனைவியிடம் சொல்லியும் விட்டேன். அப்புறம் பார்த்தால், அந்த 0.12க்குக் கீழே சின்ன எழுத்தில் −0.08 முதல் 0.32 வரை என்று ஒரு வீச்சு. உண்மையான எண் இதற்குள் எங்கும் இருக்கலாம் என்று அர்த்தம். மற்றதன் வீச்சும் ஏறக்குறைய அதற்குள்தான் விழுகிறது. இரண்டுக்கும் தளம் கொடுத்த பெயர் ‘சராசரி’. இரண்டையும் பிரிக்க அந்த எண்ணால் முடியாது. இவ்வளவு முக்கியமானதை இவ்வளவு சின்னதாகப் போட்டிருப்பது பெரிய குறை.

இன்னொன்று: 2025, 2026 ஜிசிஎஸ்இ பிள்ளைகளுக்குப் புரோகிரஸ் 8 கணக்கிடவே முடியாது. கொரோனாவால் 2020இலும் 2021இலும் ஆரம்பப் பள்ளிச் சோதனைகள் நடக்கவில்லை, ஒப்பிட அடிப்படை இல்லை. ஆகவே நீங்கள் பார்ப்பது எந்த வருடத்து எண் என்று கவனியுங்கள்.

ஆரம்பப் பள்ளிப் பக்கங்களை இன்னும் அவதானமாக வாசிக்க வேண்டும். நான் நான்கு வருடம் ஓர் ஆரம்பப் பள்ளியில் பெற்றோர் கவர்னராக, அதாவது நிர்வாக சபையில் பெற்றோர் சார்பிலான உறுப்பினராக, இருந்தேன். இயர் சிக்ஸில் ஒரே வகுப்பு, 30 பிள்ளைகள். சோதனைப் புள்ளி 80 முதல் 120 வரை. 100 எடுத்தால் எதிர்பார்த்த தரம். மூன்று பிள்ளைகள் 98இலும் 99இலும் நின்றார்கள், பள்ளியின் எண் 10 வீதம் இறங்கியது. அந்த மூவரையும் எனக்குத் தெரியும். ஒரு பிள்ளை அந்தத் தவணையில்தான் வீடு மாறியது.

எங்கள் சனத்துக்கு உதவும் என்று நான் நம்பிப் போனது, ஆங்கிலத்தை வீட்டு மொழியாகக் கொள்ளாத பிள்ளைகளின் வரி. அது ஏமாற்றம். இங்கேயே பிறந்து, வீட்டில் தமிழ் கேட்கும் என் மகளும், போன மாதம் வந்திறங்கிய பிள்ளையும் ஒரே வரிக்குள். வசதி குறைந்த பிள்ளைகளின் பெறுபேற்றைத் தனியாகக் காட்டும் வரிதான் எனக்குப் பெறுமதியானது. பள்ளி எந்தப் பிள்ளையைக் கைவிடுகிறது என்பது அங்கே தெரிகிறது.

பள்ளியை ஆர் நடத்துகிறார்கள் என்பதை இந்தத் தளம் போதிய அளவு சொல்வதில்லை. கவுன்சில் பள்ளி என்றால் கவர்னர் சபையில் குறைந்தது இரண்டு பெற்றோர் இருக்கவேண்டும். கவுன்சிலின் கீழ் வராத அக்கடமி என்ற வகைப் பள்ளி என்றால் அதிகாரம் அதை நடத்தும் ட்ரஸ்ட் என்ற நிறுவனத்திடம். பள்ளியளவில் உள்ள குழுவுக்கு ட்ரஸ்ட் விட்டுக்கொடுத்தது மட்டும்தான். ஒரு முறைப்பாடு வந்தால் எந்தக் கதவைத் தட்டுவது என்பது இதில்தான் இருக்கிறது. கவர்னர்களின் பெயர்களைப் பார்க்க ‘கெட் இன்ஃபர்மேஷன் அபவுட் ஸ்கூல்ஸ்’ என்ற வேறு அரச பதிவேட்டுக்குப் போகவேண்டும். இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்தால் என்ன?

பட்டியலைச் சுருக்கிக்கொண்டு மூன்று பள்ளிகளின் திறந்த மாலைக்குப் போனோம். மூன்று அதிபர்களிடமும் ஒரே கேள்வி: வசதி குறைந்த பிள்ளைகளின் எண் ஏன் மற்றவர்களைவிடக் கீழே? ஒருவர் பேச்சை மாற்றினார். ஒருவர் இணையத்தளத்தில் இருக்கிறது என்றார். மூன்றாமவர், இயர் நைனில் எந்தப் பாடத்தில் பிள்ளைகள் விழுகிறார்கள், காலை ஏழே முக்காலுக்கு ஆருக்கு வகுப்பு வைக்கிறோம் என்று ஒரு தாளையும் பாராமல் சொன்னார். அந்தப் பள்ளியின் பெயரை விண்ணப்பத்தில் முதலாவதாக எழுதினோம்.